காலை மாத்திரை

2.3.1998
சென்னையிலிருந்து கடிதம். தாய்லாந்தில் கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதத்தில் ஏ.இசட்.டி. மாத்திரை கொடுத்ததில், எச்.ஐ.வி. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவது பாதியாகக் குறைந்திருக்கிறதாம். நம் ஆஸ்பத்திரியில் நடக்கும் ஆய்விலும் இனி மருந்தில்லாத வெறும் மாத்திரை கிடையாது, எல்லோருக்கும் மருந்துதான். யாருக்கு எது என்று தெரியாமலே ஒரு வருடம் கொடுத்த கை இது. இன்று இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். எதற்கோ.

20.4.1998
புதிதாகச் சேர்ந்தவள் மாசாணியம்மாள். இருபத்து மூன்று வயது, கருமத்தம்பட்டி, தலைப்பிரசவம், முப்பத்தாறாவது வாரம். கணவன் மருதாசலம் விசைத்தறியில் வேலை. இருவருக்கும் கிருமி இருக்கிறது, இருவருக்கும் அது தெரியும். பிரசவத்துக்குத் தாய் வீடு போகவில்லையா என்றேன். "அவருக்குச் சோறாக்க ஆளில்லைங்க சிஸ்டர்."

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வாராவாரம் மீதி மாத்திரையோடு டப்பாவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன்.

27.4.1998
மாசாணி டப்பாவோடு வந்தாள். பதினான்கு போயிருக்கிறது. ஒன்றுகூடப் பிசகில்லை. டாக்டர் திருமலைசாமியிடம் பெருமையடித்துக் கொண்டேன், என் பேச்சைக் கேட்டு நடக்கும் பெண் என்று.

30.4.1998
காலை ஏழு மணிக்கே அவள் வீட்டுக்குப் போனேன். யூனிஃபார்ம் இல்லை. அக்கம்பக்கத்துக்கு நான் பல்லடத்துச் சொந்தக்காரி. வழியில் போலீஸ் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள்; பிப்ரவரியில் நகரத்தில் குண்டு வெடித்ததிலிருந்து இப்படித்தான்.

மருதாசலம் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டில் பழைய சோறு, ஓரத்தில் உப்பு, உப்புக்குப் பக்கத்தில் நம் மாத்திரை.

அது யாருக்கு என்றேன். "எனக்குத்தானுங்க. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குடுத்தாங்கன்னு இவ சொன்னாளுங்க."

மாசாணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: "காலையில அவருக்கு, சாயந்தரம் எனக்குங்க. அவரு நாளுக்கு நாள் எளைச்சுட்டே வாராருங்க. சோறே அவருக்குப் போட்டுப்போட்டுத்தானுங்க நான் திங்கறேன். மருந்தை மட்டும் எப்படிங்க நான் ஒருத்தியே முழுங்கறது?"

எனக்கு வந்ததே கோபம். "வயித்துப் புள்ளைக்குச் சேர வேண்டியதைப் பறிச்சுக் குடுத்திருக்கறயே அம்மணி" என்று கேட்டுவிட்டேன். அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து தறிக்குப் போய்விட்டான். சாப்பிடவே இல்லை.

அவன் முன்னால் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கூடாது. அவளுக்கு நான் மாத்திரையை எண்ணத்தான் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் யார் முதலில் சாப்பிடுவார்கள் என்று கேட்கவே இல்லை.

1.5.1998
விடுமுறை. எழுதுவதா, மறைப்பதா? எழுதினால் ஆய்விலிருந்து அவளை நீக்கிவிடுவார்களோ? பிறகு மருந்து, குழந்தைக்குப் பால்பொடி எதுவும் இல்லை. எழுதாமல் விட்டு, குழந்தைக்கும் தொற்றிவிட்டால்? முழு மருந்து சாப்பிட்டும் பலனில்லை என்று ஏடு சொல்லும். என் கையெழுத்தில் ஒரு பொய். ஒரு மாத்திரை அவனையும் காப்பாற்றப் போவதில்லை. அதை அவளிடம் யார் சொல்வது?

2.5.1998
டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "எழுதிருங்க சிஸ்டர். நீக்க மாட்டாங்க. மாத்திரையைப் பாதி சாப்பிட்டாலும் அவ நம்ம கணக்குலதான்." பிறகு, நுரையீரலில் சளி கட்டாமல் தடுக்கும் மாத்திரை ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தார். "அவனுக்கு. நம்மகிட்ட இருக்கறது இதுதான்."

4.5.1998
மருதாசலம் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கினான். "இது முழுசும் எனக்குங்களா?" ஆமாம் என்றேன். மாசாணியைப் பார்த்துச் சொன்னான்: "இனி இவ மாத்திரைய முழுங்கறதைப் பாத்துப்போட்டுத்தானுங்க நான் சோத்துல கை வெப்பேன்."

மன்னிப்புக் கேட்க நினைத்துப் போனவள், கேட்காமலே வந்தேன்.

19.5.1998
பெண் குழந்தை, இரண்டு கிலோ அறுநூறு. இளவேனில் என்று பெயர். தாய்ப்பாலிலும் தொற்றும், அதனால் பால்பொடிதான். "பாலே ஊறலைன்னு எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேங்க" என்றாள். சேலை முந்தானை நனைந்திருந்தது. தொற்றியதா இல்லையா என்று உறுதியாகச் சொல்லப் பதினெட்டு மாதம் ஆகும். பத்து நாள் காலை மாத்திரை போனது போனதுதான்.

11.1.1999
மருதாசலம் போய்விட்டான். காசநோய்.

22.11.1999
இளவேனிலுக்குக் கிருமி இல்லை.

பரிசோதனை முடிவைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாசாணி அழவில்லை. பையிலிருந்து மருதாசலத்தின் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே ஒன்பது மாத்திரை. "மீதியைக் கொண்டாரோணும்னு சொன்னீங்களே." குழந்தை அதைப் பிடுங்கிக் கிலுகிலுவென்று ஆட்டியது.

அவள் கன்ன எலும்பு தெரிகிறது. அதை நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். "இவளுக்கு வேண்டாமுன்னு ஆச்சுங்க. எனக்கு எந்த மாத்திரைங்க சிஸ்டர்?"

மருந்து இருக்கிறது. மூன்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் எழுந்து நடக்கிறார்களாம், வெளிநாட்டில். என் மாதச் சம்பளம் முழுவதும் போட்டாலும் அதை வாங்க முடியாது. நம் ஆய்வு குழந்தைக்கானது. தாய்க்குப் பிரசவத்தோடு மருந்து நின்றுவிடும் என்று முதல் நாளே படித்துக் காட்டி, கைநாட்டும் வாங்கியிருக்கிறேன்.

அலமாரியைத் திறந்து ஒரு டப்பா எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அவருக்குக் குடுத்ததுதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

'ஆய்வு நிறைவு' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருகைக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் 6.12.99 என்று எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "வாரேனுங்க" என்றாள்.