கோட்டு நுனியைப் பிடித்திருந்த பத்தொன்பது வருஷம்

கெல்லர்ஸ்பர்க், இந்தியானா
மார்ச் 6

அன்புள்ள டோர்சிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம். அங்கே பெர்த்தில் உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன என்று தெரியவில்லை, மூன்று ஞாயிறாக நீ கூப்பிடவில்லை, நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை, அதனால்தான் தபாலில் கேட்கிறேன். இங்கே பனி இன்னும் முழுதாகப் போகவில்லை, கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் அழுக்காக ஒரு மேடு கிடக்கிறது. ஹீட்டரைப் போன வாரம் சரிசெய்தாகிவிட்டது. அங்கே வெயில் கடுமை என்று படித்தேன், சுரங்கத்தில் வேலை செய்கிற நாட்களில் தண்ணீர் பாட்டிலை மறந்துவிடாதே, தொப்பியைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்கும் வழக்கம் உனக்கு உண்டு. சரி, சுற்றிவளைத்து எழுத எனக்கு வராது, முப்பத்தொரு வருஷம் செய்தி எழுதியவள், முதல் வரியில் சொல்ல வேண்டியதை ஏழாவது வரிவரை தள்ளியதற்கே என் பழைய பத்திரிகை ஆசிரியர் என்னைத் திட்டியிருப்பார். உன் அப்பாவின் இருக்கை போய்விட்டது. அது உனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நீ கூப்பிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீ அங்கிருந்து திரையில் பார்த்தது பாதிதான். ஜனவரி பதினெட்டாம் தேதி சனிக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்தில் நாற்பது விநாடி மீதி இருக்க நம் கல்லூரி ஒரு புள்ளி முன்னால், அறுபத்து நான்குக்கு அறுபத்து மூன்று. நடுவர் ஒரு தவற்றை விட்டுவிட்டார் என்று பயிற்சியாளர் மேடக்ஸ் துள்ளி எழுந்தார். தலைமைப் பயிற்சியாளர் கோபத்தில் எல்லையைத் தாண்டி ஆடுகளத்துக்குள் போய்விட்டால் தண்டனை உண்டு என்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அவர் கோட்டின் பின் நுனியைப் பிடித்து இழுக்க வேண்டும், பத்தொன்பது வருஷமாக அந்த ஒருவர் உன் அப்பா. அன்று அவர் கை போனது, விரல்கள் துணியைப் பிடித்தன, பிறகு திறந்துகொண்டன. மேடக்ஸ் நான்கு அடி உள்ளே போய்விட்டார். டெக்னிக்கல் ஃபவுல், எதிர் அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் உள்ளே விழுந்தன. ஒரு புள்ளியில் தோற்றோம். அந்த விரல்கள் திறப்பதைத் தொலைக்காட்சியில் எட்டுத் தடவை காட்டினார்கள், நான் எண்ணினேன்.

மறுநாள் முதல் ஊரில் வேறு பேச்சில்லை. நோரீன் உணவகத்தில் காலையில் காப்பி குடிக்கப் போனால் இரும்புக்கடை கிளெட்டஸ் ஃபோகல் நடுவில் உட்கார்ந்துகொண்டு, கோட்டு பிடிக்கறதுக்குன்னு ஒரு ஆளாம்யா, பத்தொன்பது வருஷமாம், என் கடையில வந்து ஒரு ஆணி வாங்கிச் சுவத்துல அடிச்சு மாட்டியிருந்தா ஆணி விட்டிருக்காதுய்யா, என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் வாசலில் நிற்பதை நோரீன் பார்த்துவிட்டு, உன் நாக்கைப் பிடிச்சு இழுக்க ஒரு ஆளைப் போட்டிருந்தா இந்த ஊரு எப்பவோ உருப்பட்டிருக்கும் கிளெட்டஸ், முட்டை ஆறுது, தின்னு, என்றாள். ரசிகர்கள் எழுதும் இணையப் பக்கத்திலும் இதே சண்டை. துணைப் பயிற்சியாளர் ஸ்டௌட்டின் வேலைதான் என்ன என்று ஒருவர் கேட்க, உயரமான பையன்களைப் பழக்குகிறவர் அவர்தான் என்று ஒருவர், இல்லை, எதிர் அணியின் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பவர் என்று இன்னொருவர், இரண்டுமில்லை, மேடக்ஸோட பழைய கூட்டாளி, அதான் உட்கார இடம் குடுத்திருக்காரு என்று மூன்றாமவர். நாலு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். உன் அப்பா அதையெல்லாம் கேட்டும் கேட்காததுபோல மஞ்சள் அட்டைகளில் அடுத்த அணியின் ஆட்டத்தை வரைந்துகொண்டிருந்தார், இடது கையால். இடது கை எழுத்து யாருக்கும் புரியாது என்பதால் பிறகு நான் அதைப் பார்த்து நகலெடுப்பேன். நவம்பரில் கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்தில் இலை அள்ளும்போது ஏணி சரிந்து வலது தோள் கிழிந்ததை அவர் கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை, மேடக்ஸிடம்கூடச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சையை ஏப்ரலுக்குத் தள்ளிப்போட்டார். சீசன் முடியட்டும் லோர்னா, ஒரு தடவை எந்திரிச்சா அந்த நாற்காலில வேற யாராவது உட்கார்ந்துடுவாங்க, என்றார். பக்கத்து மாவட்டத்து டாக்டருக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் ஒரே ஒருத்தரிடம் சொன்னேன். டிசம்பர் ஞாயிறு ஒன்றில், உன்னிடம்.

இருபத்திரண்டாம் தேதி காலை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். தெற்கு வாசல் என்ற பெயரில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். வெர்லின் ஸ்டௌட்டின் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு என்று ஆரம்பித்து, மேடக்ஸ் எழுந்தால் கூட்டமும் பையன்களும் எழுவார்கள், ஆகவே அவரை எழவிட வேண்டும், எல்லைவரை போகவிட வேண்டும், ஆனால் தாண்டவிடக்கூடாது, எந்த அரை அடியில் இழுப்பது என்று இந்த நாட்டில் ஸ்டௌட்டுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது, அவர் வருவதற்கு முன் ஒரே சீசனில் பதினொரு டெக்னிக்கல், அவர் வந்தபின் பத்தொன்பது வருஷத்தில் இந்த ஜனவரியையும் சேர்த்து மூன்றே மூன்று, அன்று அவர் விடவில்லை, அவர் வலது தோள் நவம்பரிலிருந்து கிழிந்து கிடக்கிறது, சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தூக்க முடியாத கையால் நூறு கிலோ ஆளை இழுக்கப் பார்த்தார், இனி ஆணியைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்கட்டும், என்று முடித்திருந்தார். நன்றாக எழுதியிருந்தாய். நான் ஆசிரியராக இருந்தால் ஒரு சொல் வெட்டியிருக்கமாட்டேன். நான் படித்துக்கொண்டிருக்கும்போது உன் அப்பா பின்னால் வந்து நின்றிருக்கிறார், எனக்குத் தெரியாது. இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம் நின்றார். பதிவுக்கு மேலே நேரம் போட்டிருந்தது, காலை நாலு மணி பத்து நிமிஷம். அவர் விரல்விட்டு எண்ணவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அங்க சாயங்காலம் அஞ்சு பத்து, ஷிப்ட் முடிஞ்சிருக்கும், என்றார். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது, பெர்த்தின் நேரத்தை அவர் தினமும் மனசில் வைத்திருக்கிறார் என்று. என் வேலை என்னன்னு சரியா எழுதினது இவன் ஒருத்தன்தான், அவன்கிட்ட எதுவும் கேக்காத, என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஏற்கெனவே தள்ளிய பனியை மறுபடி தள்ளினார்.

கேலி அவரைப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு அங்குலம் அசைக்கவில்லை. பரிவு ஐந்து நாளில் எழுப்பிவிட்டது. உன் பதிவை எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள், கிளெட்டஸ் வீட்டு வாசலுக்கு வந்து, தெரியாமப் பேசிட்டேன் வெர்லின், என் வாய்க்கு ஒரு பூட்டுப் போடணும், என்று தொப்பியைக் கழற்றி நின்றார், சீக்கிரம் குணமாக வேண்டி அறுபதுக்கு மேல் வாழ்த்து அட்டைகள் வந்தன. திங்கட்கிழமை கல்லூரி அலுவலகத்திலிருந்தும் அழைப்பு வந்தது. காயத்தை மறைத்தது விதிக்கு விரோதம், டாக்டர் சான்றிதழ் வரும்வரை களத்தின் பக்கம் வரக்கூடாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிப்ரவரி பத்தாம் தேதி, ஸ்டௌட் தம் விருப்பப்படி பெஞ்ச் பொறுப்பிலிருந்து விலகிப் பழைய மாணவர் அலுவலகத்துக்கு மாறுகிறார் என்று இரண்டு வரி அறிவிப்பு வந்தது. தம் விருப்பப்படி என்ற சொற்களை நான் எத்தனையோ பேரைப் பற்றி அப்படியே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன், ஒருமுறைகூட யார் விருப்பம் என்று போய்க் கேட்டதில்லை. மேடக்ஸ் ஒருநாள் வந்து சோபாவில் உட்கார்ந்து சத்தத்தை அணைத்துவிட்டு ஏதோ ஒரு ஆட்டத்தை இவரோடு பார்த்தார். புது ஆள் இழுக்கறான்டா வெர்லின், நான் மூச்சு விட்டாலே இழுக்கறான், என்றார். இவர் சிரித்தார். அவர் போனபின் அரைமணி நேரம் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்ட நாட்களில் இன்னும் மூன்று மணிக்குச் சட்டையை இஸ்திரி போடுகிறார்.

போன சனிக்கிழமை இந்த வருஷத்தின் கடைசி உள்ளூர் ஆட்டம், எங்களுக்கு ஆறாம் பகுதியில் இரண்டு சீட்டு அனுப்பியிருந்தார்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆட்டத்துக்கு நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பாப்கார்ன் வாங்கிக்கொடுத்தேன், மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. இரண்டாம் பாதியில் மேடக்ஸ் எழுந்தார், ஒரு அடி வைத்தார், இன்னொரு அடி வைத்தார், அப்போது என் கோட்டு பின்னாலிருந்து வெடுக்கென்று இழுபட்டது. பொத்தான் ஒன்று அறுந்து முன்வரிசைக்கு உருண்டது. இடது கையால் என் கோட்டைப் பிடித்திருந்தார், கண் முழுக்கக் களத்தில். தான் செய்ததே அவருக்குத் தெரியவில்லை டோர்சி. நான் அசையாமல் இருந்தேன். மேடக்ஸ் தானாக நின்று திரும்பி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கை விட்டது.

திரும்பி வரும்போது நான்தான் கார் ஓட்டினேன். ஏதாவது பேச வேண்டும் என்று, நம்ம பையன் எழுதினதுல ஒரு கணக்கு மட்டும் தப்பு, என்றேன். எதையும் சரிபார்க்காமல் என்னால் இருக்க முடியாதென்று உனக்குத் தெரியும், பதிவைப் படித்த வாரமே நூலகத்துக்குப் போய் எங்கள் பத்திரிகையின் பழைய தொகுப்புகளைப் புரட்டியிருந்தேன். பத்தொன்பது வருஷத்தில் டெக்னிக்கல் மூன்று அல்ல, நான்கு. நான்காவது பதினொரு வருஷத்துக்கு முன், ஒரு பிப்ரவரி வெள்ளிக்கிழமை. மூணுதான், அவன் எண்ணினது சரி, அந்த நாலாவது அன்னிக்கு நான் அந்த நாற்காலில இல்ல, உடம்பு சரியில்லன்னு மேடக்ஸ்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிட்டேன், என்றார் உன் அப்பா. எங்கே என்று கேட்டேன். அவன் பள்ளிக்கூடக் கடைசி ஆட்டத்துக்கு, என்றார். அறுபது மைல், வழியில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்ததாம், போய்ச் சேரும்போது இரண்டாம் பாதி. பாப்கார்ன் விற்கிற மேசைக்குப் பின்னால் வாசலில் நின்று பார்த்தாராம். நாலு நிமிஷம் இருக்கும்போது அஞ்சாவது ஃபவுல் வாங்கி, அதோட அவன் ஆட்டம் முடிஞ்சு வெளியே வந்தான், தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்துட்டான், கிட்டப் போகலாம்னு ரெண்டு தடவை காலை எடுத்து வெச்சேன், பாதி ஆட்டத்துக்கு வந்தவன் என்னன்னு சொல்லிக்கிட்டுப் போறது, திரும்பி வந்துட்டேன், என்றார்.

பதினொரு வருஷத்துக்கு முந்தைய அந்த இரவு நான் செய்தி எடுக்க மாவட்டசபைக் கூட்டத்தில் இருந்தேன், எனக்கும் தெரியாது. காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்ததும் மறுபடி நூலகத் தொகுப்பின் நகலை எடுத்துப் பார்த்தேன், செய்தியின் கடைசி வரியில் இருக்கிறது, துணைப் பயிற்சியாளர் ஸ்டௌட் உடல்நலக் குறைவால் வரவில்லை என்று. தேதி உன் கடைசி ஆட்டத்தின் தேதி. கல்லூரி ஆட்டம் ஒன்றையும் நீ விட்டதில்லை, வானொலியிலோ திரையிலோ எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறாய், அந்த ஒன்றை மட்டும் நீ எண்ணியிருக்க முடியாது, அன்று நீயே ஆடிக்கொண்டிருந்தாய். நாலு வருஷத்துக்கு முன் இந்தியானாபொலிஸ் விமான நிலையத்தில், என் கடைசி ஆட்டத்துக்குக்கூட வராத மனுஷன், அவருக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா என்னம்மா சொல்ல, என்று நீ என்னிடம் சொன்னபோது உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் நம் பக்கத்தில்தான் நின்றார்.

அவன்கிட்ட சொல்லாத என்று காரிலிருந்து இறங்கும்போது அவர் சொன்னதை மீறி இதை எழுதுகிறேன். தோளைப் பற்றி நான் உன்னிடம் சொன்னது முதல் மீறல், அதனால் அவர் நாற்காலி போனது, அந்தப் பழியில் பாதிக்கு மேல் என்னுடையது, நீ தனியாகச் சுமக்காதே. இது இரண்டாவது. இதனால் என்ன போகும், என்ன வரும் என்று தெரியவில்லை. அவருக்குக் கோபம் இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன், இரண்டு பேரிடம் சரிபார்த்தேன், அவரிடமும் என்னிடமும்.

நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனசோடும் இரு, எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உன்னோடு. வெயிலில் தொப்பி போட்டுக்கொள். ஏப்ரல் ஒன்பதாம் தேதி அறுவை சிகிச்சை, அதன்பின் ஆறு வாரம் வலது கைக்குக் கட்டுப் போட்டிருக்கும். தொலைபேசியைச் சமையலறையில் அவருக்கு இடப்பக்கமாக மாற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, உனக்கு இரவு எட்டு அல்லது ஒன்பது, கடிகாரத்தை இங்கே மாற்றப்போகிறார்கள், அவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார், நான் தேவாலயத்துக்குப் போய்விடுவேன், மணி அடித்தால் அவர்தான் எடுக்க வேண்டும். தோளைப் பற்றிக் கேட்காதே. அந்த ஐந்தாவது ஃபவுல் ஃபவுல்தானா என்று கேள்.

இப்படிக்கு, பொத்தானை இன்னும் தைக்காமல் வைத்திருக்கும்
உன் அம்மா,
லோர்னா ஸ்டௌட்