யார் மகள் என்று வாசிப்பது?

அத்தை,

இன்று காலை அச்சு முறுக்குக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. கூடத்தில் உங்கள் பேரன், கிறிஸ்துமஸ் ஆராதனையில் வாசிக்க வேண்டிய வம்ச வரலாற்றை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தான். ஆபிரகாம் பெற்றான், ஈசாக்கு பெற்றான், யாக்கோபு பெற்றான் என்று ஒரே மூச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முறுக்கைக் கருக விட்டுவிட்டேன். "பெத்ததெல்லாம் பொம்பளைங்க, பேரு மட்டும் இவங்களுக்கா?" என்று கோயிலில் பாயில் உட்கார்ந்து என் காதில் முணுமுணுப்பீர்களே, அந்தக் குரல் அப்படியே கேட்டது.

என்னதான் கேலி செய்தாலும், என்னை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தது அந்தப் பெயர் வரிசைதானே.

நான் மலாயாவில், கிள்ளான் ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயத்தில் வளர்ந்தவள். கப்பலை விட்டு இறங்கிய கொஞ்ச நாளிலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா பெயர் யாருக்கும் தெரியாது. கிள்ளான் ஸ்டேஷனில் வேலை பார்த்த உங்கள் மகன், கட்டினால் இவளைத்தான் என்று பிடிவாதமாக நின்றார். என்னைப் பார்க்க வேண்டுமென்று நீங்களே பிரிக்பீல்ட்ஸில் இந்த வீட்டுக்கு அழைத்துவந்தீர்கள். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியான உங்கள் அண்ணன் விடுவாரா? "தகப்பன் பேரு தெரியாதவள ஓலையில எப்படிம்மா போடுறது? மூணு ஞாயிறு எல்லார் முன்னாடியும் வாசிக்கணுமே, மானம் போயிடும்" என்றார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் என்று கோயிலில் அறிவிப்பு ஓலை வாசிக்காமல் நமக்கு ஏது கல்யாணம்? சமையற்கட்டில் நின்று அழுதேன். நீங்கள் வெங்காயம் நறுக்கியபடியே, "என் பேரப் போடச் சொல்லிக்கிறேன். போ, மூஞ்சியக் கழுவு" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். மாமனார் முன்பே காலமாகிவிட்டதால் மாப்பிள்ளை உங்கள் மகன் என்றே இருந்தது. பெண்ணும் உங்கள் மகள்!

"அடப்பாவமே! அண்ணன் தங்கச்சிக்கா கல்யாணம்?" என்று செந்தூலிலிருந்து வந்த அக்கா ஒருத்தி வாய்விட்டுக் கேட்க, கோயிலே கொல்லென்று சிரித்தது. உங்கள் அண்ணன் துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா ஐயா, வம்சமில்லாத பொண்ண எடுத்தா இப்படித்தான். இந்த ஓலைய நிறுத்துங்க!"

நீங்களும் எழுந்தீர்கள்.

"ஒக்காருங்கண்ணே. வருஷா வருஷம் வம்ச வரலாறு வாசிக்கிறது நீங்கதானே? அதுல வர்ற ரூத்து யாரு? அந்நிய தேசத்து மோவாபுக்காரி. ராகாபு எரிகோவுல என்ன தொழில் பண்ணா, இங்க சொல்லட்டுமா?"

"ஐயோ வேணாம்மா, கோயில் லா இது!"

"தெரியுதுல்ல? ஆபிரகாமுக்குக் குடுத்த வாக்க ஒரு தலைமுறைகூட விடாமக் காப்பாத்துனாரு கடவுள். நடுவுல வந்தவங்கள ஊரு பேரு கேட்டு வெளிய நிறுத்தல. அவரே கேக்கல, நீங்க எதுக்குக் கேக்குறீங்க?"

உபதேசியார் பாவம், ஓலையும் கையுமாக நின்றார். "அப்ப அடுத்த ஞாயிறு யாரு மகள்னும்மா வாசிக்க?"

"ஆபிரகாமின் குமாரத்தின்னு வாசிங்க. கூன் விழுந்த ஒரு பொம்பளைய ஆண்டவரே அப்படித்தானே சொன்னாரு?"

மற்ற இரண்டு ஞாயிறும் அப்படியே வாசித்தார். கல்யாணத்தன்று தகப்பன் ஸ்தானத்தில் என் கையைப் பிடித்து அழைத்துப்போனது உங்கள் அண்ணன்தான். "மெதுவா நடம்மா, சேலை தடுக்கும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தப் பெயர்கள் முன்பெல்லாம் எனக்கு வாயில் நுழையாது. இப்போது ஒவ்வொன்றாக ஆசையோடு கேட்கிறேன். பஞ்சம் வந்தது, சிறையிருப்பு வந்தது, அரசர்களே கெட்டழிந்தார்கள். ஆனாலும் அடுத்த பெயர் வந்துகொண்டேதான் இருக்கிறது. கடல் தாண்டி வந்து லயத்தில் கிடந்தவளையும் கடவுள் மறக்கவில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு வீடு வெறிச்சென்றுதான் இருக்கிறது, அத்தை. சில நாள் அழுதும் விடுகிறேன். ஆனால் காய் வாங்கும் பாசாரில் புதிதாகப் பார்ப்பவர்கள், "நீ யாரு மகம்மா?" என்று கேட்டால் பட்டென்று உங்கள் பெயர்தான் வாயில் வருகிறது. ஆபிரகாமெல்லாம் அதற்குப் பிறகுதான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.