வெள்ளிமலைக்கு ஒரு ஜீப்

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆசிரியர் கூட்டத்தில் ஒரே புழுக்கம். ஃபேனைப் போடச் சொல்லிக் கை தூக்கினேன். ஊர் நண்பர்கள் சங்கத்தின் ஓட்டத்துக்கு நம் பள்ளியிலிருந்து யார் வருகிறீர்கள் என்று எச்.எம். கேட்ட நொடி அது. "பாருங்க, கணக்கு டீச்சர் மணிமொழியே வராங்க!" கைதட்டல் வேறு.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை வரை. இருபத்தொரு கிலோமீட்டர், பாதி மலையேற்றம். மலைக் கிராமத்து நோயாளிகளைக் கீழே கொண்டுவர ஒரு ஜீப் வாங்க நிதி திரட்டுகிறார்களாம். இதைக் கேட்ட பிறகு, ஃபேனுக்காகத்தான் கை தூக்கினேன் என்று எந்த வாயால் சொல்வது?

வயது நாற்பத்து மூன்று. கடைசியாக ஓடியது சின்னசேலத்தில், ரயிலைப் பிடிக்க. ரயில் போய்விட்டது.

ஆகஸ்ட் 5

வீட்டுக்காரர் சுபாஷிடம் சொன்னேன். மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லோடு தாங்காது."

அவ்வளவுதான். சாப்பிடப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 11

முதல் நாள். ஏரிக்கரை. சுடிதார், சுபாஷின் பழைய ஷூ, உள்ளே துணி அடைத்து.

கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். "இன்னா டீச்சர், யாருனா தொரத்திக்கினு வராங்களா?"

பால்காரர் வண்டியை நிறுத்தினார். "ஏறிக்கோங்க டீச்சர், எங்க போகணும்?"

"ஓடிக்கினு இருக்கேங்க."

"ஓடறீங்களா? நடக்கறீங்கன்னு நெனச்சேன்."

ஆகஸ்ட் 12

மாடிப்படியை உட்கார்ந்தபடியே இறங்கினேன்.

செப்டம்பர் 14

பி.டி. வாத்தியார் ராஜாங்கம்தான் பயிற்சி தருகிறார். சங்கத்தில் ஓட்டத்துக்கான எல்லா ஏற்பாடும் அவர்தான். "மூச்ச மூக்கால வுடுங்க டீச்சர்" என்கிறார். நான் மூக்கு, வாய், முடிந்தால் காது என்று எல்லா வழியிலும் விட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் இன்று கோமுகி அணைக்கரையில் நிற்காமல் ஒரு நெடுந்தூரம் ஓடினேன். தூறல். யாருமே பார்க்கவில்லை. நன்றாக ஓடும்போது மட்டும் ஊரில் ஒரு ஆள் இருக்கமாட்டார்.

அக்டோபர் 23

தீபாவளி முடிந்தது. அதிரசமும் முடிந்தது, பெரும்பாலும் என்னால். ஒரு வாரமாக ஓடவில்லை. முட்டி வலி என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எந்த முட்டி என்று சுபாஷ் கேட்டபோது தடுமாறிவிட்டேன்.

அக்டோபர் 27

விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் ராஜாங்கம் சாரிடம் போனேன். முட்டியை ஒரு முறை தடவிக் காட்டி, "ஏன் சார், உங்களுக்கு மட்டும் எப்படி இவ்ளோ வேகம்?" என்று ஆரம்பித்தேன்.

"எங்கக்காவ பிரசவத்துக்குக் கட்டில்ல வெச்சித் தூக்கிக்கினு எறங்கினோங்க. பாதி மலையிலயே போயிடுச்சி. அப்ப என்னால வேகமா ஓட முடியல டீச்சர்."

அவர் மலைக்காரர் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்து நாற்காலி, இத்தனை வருடமாக.

முட்டி சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

அடிவாரம் வரை நன்றாகவே ஓடினேன். எனக்குப் பின்னால் சிலர் இருந்தார்கள், சத்தியமாக. வளைவுகள் தொடங்கியதும் அவர்களும் தாண்டிப் போனார்கள். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஓட முடியாதவர்களுக்கென்று சங்கத்து வேன் பின்னால் வந்துகொண்டிருந்தது. வெட்கமே இல்லாமல் ஏறினேன். ஜன்னலோர சீட், குளுகோஸ் தண்ணீர். நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் ஒருவர் சாலை நடுவே கையை ஆட்டிக்கொண்டு நின்றார். மரத்தடியில் அவர் மனைவி, நிறைமாதம். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

"விடியக்காத்தாலயே வலி வந்துடுச்சிங்க. ஒரு வண்டியும் வரல. ஓட்டம்னு ரோட்ட அடைச்சிட்டாங்களாம்."

ஜீப்புக்காக ஓடுகிறோம். அதற்காக ரோட்டை அடைத்திருக்கிறோம்.

டிரைவர் திரும்பினார். "எறங்குங்க டீச்சர். அவங்கள படுக்க வெக்கணும்."

நான் என்ன சொன்னேன்? இங்கேயாவது உள்ளபடி எழுதுகிறேன். "நான் ஓரமா ஒக்காந்துக்கட்டுமா?" சொன்னேனே! இந்த வாய்தான்! அந்தப் பொண்ணு வலியில பல்லக் கடிச்சிக்கினு நிக்குது, எனக்கு சீட்டு கேக்குது.

இறங்கினேன். வேன் திரும்பிக் கீழே பறந்தது.

பிறகு எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. அடுத்த திருப்பத்தில் கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் இரண்டு ஆட்டோவும் ஒரு மினி பஸ்ஸும் நின்றிருந்தன. தொண்டர்கள் எல்லாம் நான் கணக்குப் போடச் சொல்லி அடித்த பிள்ளைகள். "கயித்த அவுருங்கடா!" வகுப்பறைக் குரல். அவிழ்த்துவிட்டார்கள்.

வெள்ளிமலை போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் சார் மட்டும் எனக்காக மெடலோடு காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். மெடலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

டிசம்பர் 8

பெண் குழந்தை. தாயும் நலம். தாயின் பெயர் தனுஷா. அவள் கணவர் தமிழழகன் டிரைவருக்குப் போன் செய்தாராம்.

காலை வணக்கக் கூட்டத்தில் எச்.எம். என்னை மேடையேற்றி, "தன் இருக்கையையே தியாகம் செய்த" என்று பேசினார். ஒரே கைதட்டல். எனக்கு எங்காவது ஓடிப்போகலாம் போலிருந்தது. கால் ஒத்துழைக்கவில்லை.

ராஜாங்கம் சாரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"கேட்டா இன்னா, எறங்கினீங்க இல்ல?" டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு, "ரோட்ட அடைக்கலாம்னு சொன்னது நாந்தாங்க" என்றார்.

இரண்டு பேரும் டீ குடித்தோம்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வெள்ளிமலையில் ஜீப்பை ஒப்படைக்கும் விழா. மாலை, ரிப்பன், வாழைமரம், மைக். சங்கத் தலைவர் பேச ஆரம்பித்ததும் ராஜாங்கம் சாருக்குப் போன் வந்தது. மேலே ஏதோ ஒரு ஊரில் பாம்பு கடித்துவிட்டதாம். ஒருவரையும் கேட்காமல் டிரைவரைத் தள்ளி ஏற்றினார், தானும் ஏறிக்கொண்டார். ரிப்பனை அறுத்துக்கொண்டு, மாலையோடு ஜீப் போய்விட்டது.

தலைவர் சற்றுத் திகைத்தார். பிறகு காலி இடத்தைக் கையால் காட்டி, "இந்த ஜீப்பானது..." என்று தொடர்ந்தார்.

அந்த இடத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் அதிகமாகவே.