சாட்சி சொல்லாத ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு, பிரீனா எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது?

ஊழியக் குழுவோடு கென்யா வந்தபின் நான் தங்கும் நான்காவது வீடு இது. எல்லோரும் அன்பாகத்தான் பார்க்கிறார்கள். ரப்பர் பால்வெட்டப் போன அப்பா மயங்கி விழுந்து இறந்ததை ஒவ்வொரு சபையிலும் சாட்சியாகச் சொல்கிறேன். கேட்பவர்கள் அழுகிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. பயப்படாதீர்கள்.

போன வாரமும் குழுத்தலைவர் விபின் அண்ணன், "மக்கா, ஞாயிறும் நீதான் சாட்சி சொல்லணும், கேட்டியா" என்றார். தலையாட்டினேன். இந்த வீட்டு வாஞ்சிரு ஆன்ட்டி என்னவென்று ஆங்கிலத்தில் கேட்டுக் குறுக்கே வந்தார்.

"அவளை விடுங்கள். என் கணவர் போனபிறகு ஒரு வருடம் நான் யாரிடமும் பேசவில்லை."

அண்ணன் சரி என்றுவிட்டார். ஞாயிறு ஆராதனையில் ஆன்ட்டி பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிரசங்கத்தில் தூங்கியும் போனேன், சிரிக்காதீர்கள்.

அங்கிருந்து யாராவது இங்கே வந்தால் தேங்காயெண்ணெயும் கருப்பட்டியும் கொடுத்துவிடுங்கள். அம்மா, அன்று காலை வீட்டைவிட்டு இறங்கும்போது அப்பா என்ன சொன்னார்? அப்பா சொன்னதாக மேடையில் நான் சொல்வது விபின் அண்ணன் எழுதித் தந்தது. அதையே சொல்லிச் சொல்லி, அப்பா உண்மையில் சொன்னது மறந்துபோயிற்று. மறக்காமல் எழுதுங்கள்.

எங்கள் குழுவிலிருந்து ஊருக்குத் திரும்பும் லீலாபாய் அக்காவுக்கு விமான நிலையம் போக வண்டி வந்துவிட்டது. இதை அவர் கையில் கொடுக்கிறேன்.

உங்கள் மகள்
பிரீனா