நாலு வீடு தள்ளி நின்ற வண்டி

அடி அண்ணாமலை
12.11.2009

அன்புள்ள கோபிக்கு,

அம்மா எழுதுகிறேன். முதுகுக்கு மூன்று தலையணை வேண்டியிருந்தது, இப்போது இரண்டு போதும். என் நலம் அவ்வளவுதான். நீயும் மருமகள் மணிமொழியும் பூனாக் குளிரில் நன்றாக இருக்க அண்ணாமலையார் துணை. போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நிற்கிறார், நீயும் பதறுகிறாய். அதனால் கடிதம்.

அன்றைக்கு நடந்ததில் அவர் உனக்குச் சொன்னது பாதிதான். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பே கால் வீங்கி, செருப்பு நுழையவில்லை. பௌர்ணமி அன்று காலை நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. இதயம் வேலை செய்வது கம்மி, இப்படி ஆனால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததுதான். அப்பா முதலில் உனக்குப் போன் போட்டார், நீ எடுக்கவில்லை. பிறகு ஆட்டோ சர்தாருக்கு. கிரிவலத்துக்கு ரோட்டை அடைச்சிட்டாங்க, உள்ள வர முடியாதுங்கனு சொல்லிவிட்டார். கூட்டம் கலையட்டும் என்று உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் முழுக்க. ஜன்னலுக்கு வெளியே ஜனம் நடந்துகொண்டே இருந்தது. நான் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு வீடு தள்ளி 108 வண்டி நின்றது கோபி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி நிற்கிறது. அது கிரிவலம் வருகிறவர்களுக்கு என்றே நினைத்திருந்தோம். பக்கத்து வீட்டுத் தனம்தான் கடைசியில் ஓடிப் போய் அழைத்து வந்தாள். வண்டியில் வந்த பெண் எனக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டே, ஏன் சார், உள்ளூர்க்காரங்களுக்கு மூச்சு வாங்காதானு அப்பாவைக் கேட்டாள். வண்டி வாசல்ல நின்னா எழவுனு நெனச்சிடுவாங்கம்மா என்றார் அவர். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா சரியாத்தான் நெனச்சிருப்பாங்கனு அவள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூச்சுதான் வரவில்லை.

அடுத்த பௌர்ணமி தீபம். பத்து மடங்கு கூட்டம். நீ, எதுன்னாலும் முதல்ல எனக்குச் சொல்லுங்க, நான் கார் ஏற்பாடு பண்றேன் என்கிறாய். இனி அப்படி இல்லை. தினமும் காலையில் எடை பார்க்கிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன். நீர் கோத்து எடை திடீரென ஏறினால் டாக்டரிடம் போவேன். மூச்சு முட்டினால் நானே 108 அடிப்பேன். அப்பாவைக் கேட்க மாட்டேன், உன்னையும். உடம்பு என்னுடையது. இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம். நேற்று என் மாத்திரைச் சீட்டை ஒரு பையில் போட்டுக் கதவருகே மாட்டினார்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். உனக்கும் நாற்பது நெருங்குகிறது, பிரஷர் பார்த்துக்கொள். ஆஸ்பத்திரியிலிருந்துதான் உனக்குச் செய்தி வரும், கோபித்துக்கொள்ளாதே. முதல் போன் உனக்கு இல்லை.

உன் அம்மா
ஆதிலட்சுமி