பின்பக்கம் மட்டும் மிஞ்சிய வயலின்

உம்முடைய வயலினின் முன்பலகையை ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துக் கெடுத்துவிட்டார்கள். கொடுத்தவன் உம்முடைய தம்பி. தேய்த்தவன் கொச்சிக்கடையில் கதிரை மேசைக்குப் பொலிஷ் போடுகிற தச்சுப் பாஸ். இதைச் சொல்லாமல் வேறு எதையும் உமக்கு எழுத மனம் வரவில்லை.

பெட்டி என் மேசையில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் பழைய மரமும் வில்லுக்குப் பூசும் ரோசின் தூளும் மணக்க வேண்டும். ஸ்பிரிட் நெடிதான் மூக்கில் ஏறுகிறது. நாடியைத் தாங்கும் நாடிக்கட்டையைப் பாஸ் கழற்றிவிட்டான். அதன் ஓரத்தில் உம்முடைய கன்னம் பட்டுப் பட்டு மங்கிய இடம் இப்போது புதுக் கதிரையின் கைப்பிடி போல மினுங்குகிறது.

தம்பியிடம் கேட்டேன். "வாற ஞாயிறு அண்ணை செத்த ஆண்டுப் பூசை. கோயில்லை அவர் இருந்து வாசிச்ச கதிரையிலை இதை வைக்கப்போறம். கறுத்துப்போய்க் கிடந்தது, அதுதான் குடுத்தனான்" என்றான். கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் திருநாள் வந்தால் இருக்கிற வாங்கு, கதவு, மெழுகுதிரிக் கால் எல்லாம் மினுங்க வேண்டும். அவன் வயலினையும் அந்த வரிசையில் சேர்த்துவிட்டான்.

"முன்பக்கத்தோடை ஸ்பிரிட் முடிஞ்சிட்டுது. யுத்த காலம், கிடைக்குதில்லை. பின்பக்கம் வெள்ளிக்கிழமை செய்து தாறன் எண்டவர் பாஸ்."

நான் அவன் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு வாசிக்கத் தெரியாது. துடைக்கத் தெரியும். அதையும் எவரும் சொல்லித்தரவில்லை. பழைய சாமான் கடையில் எடுத்த மண்டலின் ஒன்றுக்குத் தேசிக்காய்ப் புளியும் தேங்காயெண்ணெயும் பூசி நாசமாக்கித்தான் படித்தேன். துறைமுகத்தில் நீர் கிளாக்கர், நான் பெட்டிகளில் அடையாளம் எழுதுகிறவன். ஞாயிறு பூசை முடிந்ததும் வயலினோடு என் அறைக்கு வருவீர். பலமுறை தோய்த்து மிருதுவான பருத்தித் துணியால், தண்ணீர் தொடாமல், தந்திகளுக்குக் கீழே படிந்த ரோசின் தூளை முதலில் எடுப்பேன். வியர்வைக் கறை போகாவிட்டால் மட்டும் துணி நுனியை நனைத்து, ஈரம் தெரியாதபடி பிழிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்ப்பேன். நிறம் துணியில் ஏறினால் அதோடு நிறுத்துவேன்.

பிறகு உள்ளே இருக்கும் தூசி. முன்பலகைத் துளை வழியாக நாற்பது அரிசி மணி போட்டு மெல்லக் குலுக்கினால் தூசி உருண்டு திரண்டு வெளியே வரும்.

"கூப்பன் அரிசியை வயலினுக்குத் தீத்துறீரோ? மனுசருக்கே காணாது" என்பீர்.

"நீர் பேசாமல் இரும். எண்ணிக்கை பிழைக்கும்."

ஒரு ஞாயிறு முப்பத்தொன்பதுதான் வந்தது. ஒரு மணித்தியாலம் கவிழ்த்தும் சரித்தும் பார்த்தேன். "விடுமப்பா. அவரும் உள்ளுக்கை இருந்து பாட்டுக் கேக்கட்டும்" என்று சிரித்தீர். நான் சிரிக்கவில்லை. தேநீரும் தராமல் அனுப்பினேன்.

நோயில் படுக்கையில் கிடந்தபோது பெட்டியை என் பக்கம் தள்ளினீர். "இதை நீர் வைச்சிரும்."

"வாசிக்கத் தெரியாதவன்ரை கையிலை இது இருக்கக்கூடாது. தம்பிக்குக் குடும்."

"அவனுக்கு வாசிக்கவும் தெரியாது, துடைக்கவும் தெரியாது. உமக்கு ஒண்டாவது தெரியுமே."

நியாயத்தை நீர்தான் கதைத்தீர். நான் அசையவில்லை. அடுத்த கிழமை நீர் இல்லை; பெட்டி தம்பியிடம் போனது. தம்பி மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி எங்கே போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

மூன்று நாளாக அவன் வந்து கதவைத் தட்டுகிறான். "அண்ணை, பூசைக்காவது தாங்கோ." நான் திறக்கவில்லை. அவன் போனபிறகு இந்த அறையில் கதைக்க ஆள் இல்லை. ஞாயிறு வருகிறது, துணியை எடுத்து வைக்கிறேன், ஒருவரும் வருவதில்லை. நேற்றுப் பெட்டியிலிருந்து எடுத்துச் சரித்தபோது உள்ளே ஏதோ உருண்டது. நாற்பதாவது மணி.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. பாஸ் வெள்ளிக்கிழமை இதைத் தொடக்கூடாது. எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் நானே போய்ச் சொல்வேன். கழற்றி வைத்த நாடிக்கட்டையை அவன் திருப்பித் தர வேண்டும். உம்முடைய தம்பி ஞாயிறு காலையில் வந்து, இதைத் தன் கையாலேயே கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கதிரையில் பின்பக்கம் தெரியும்படி கவிழ்த்து வைக்க வேண்டும். கறுப்பாகவே இருக்கட்டும், சனம் பார்க்கட்டும். பூசை முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்து தர வேண்டும். ஏன் என்று அவன் கேட்டால், உன்ரை அண்ணை எனக்குத் தந்தவர், நான்தான் வாங்காமல் விட்டனான் என்று நான் சொல்ல வேண்டும். அதற்கு முதலில் கதவைத் திறக்க வேண்டும். கிழமைக்கு ஒருதரம் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டியவனும் நான்தான். அரிசி மணியை எடுக்க மாட்டேன்.