வெண்ணெயில் ஏறிய பூண்டு வாசம்

இன்று காலை வாரச் சந்தைக்குப் போனேன், உருளைக்கிழங்கு வாங்க. நீ போன பிறகு தனியாகத்தான் போகிறேன். பேரம் பேச ஆளில்லை. சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன். மீன்கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வண்டி நின்றது. பர்மாவிலிருந்து வந்த தம்பதி, சின்ன வயசு. அந்தப் பெண் பூண்டை மெல்லிசாகச் சீவி எண்ணெயில் போட்டு, ஒரு சிட்டிகை மஞ்சளையும் தூவினாள். அவ்வளவுதான், என் கால் நகரவில்லை. என்ன வேண்டும் என்று அவள் ஜெர்மனில் கேட்கிறாள், நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் ஒரு தட்டு நூடுல்ஸ் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, புளி மட்டும் போதவில்லை. உன்னிடம் சொல்லியிருந்தால் "அதான் அப்பவே சொன்னேன்ல" என்பாய். நீ எதை எப்போது சொன்னாய் என்பது உனக்கே தெரியாது.

டோர்ட்மண்டில் நாம் குடியிருந்த வீடு நினைவுக்கு வந்தது. அறுபதுகளின் கடைசி. கீழே வீட்டுக்கார அம்மா ஃப்ராவ் ஸ்டெட்லரின் பால்கடை, முதல் மாடியில் நீ, உனக்கு மேலே கூரையை ஒட்டிய அறையில் நான். நீ எஃகு ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தாய். நான் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பட்டம் வருவதற்குப் பல வருடம் முன்பே நீ என்னை டாக்டராக்கிவிட்டாய். அந்தத் தெருவில் தமிழ் பேச நம்மை விட்டால் வேறு நாதியில்லை. அதனால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசிச் சலிக்காமல் சண்டை போட்டோம்.

நீ ரங்கூனில் பிறந்தவன். தாத்தா காலத்திலேயே அங்கே போன குடும்பம். அறுபதுகளின் நடுவில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது உன் அப்பாவின் மளிகைக் கடையும் போயிற்று. கட்டிய துணியோடு கப்பலேறி சென்னைக்கு வந்தீர்கள். அப்பா பாரிமுனைப் பக்கம் தள்ளுவண்டியில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் போட ஆரம்பித்தார். "சக்கரம் இல்லாத கடை இனிமே வேணாம்" என்பது அவர் வைத்த சட்டம். உனக்கும் அதே ரத்தம்தானே. அலமாரி வாங்கமாட்டாய், ஜன்னலுக்குத் திரை வாங்கமாட்டாய். நான் ஒரு பழைய ரேடியோ வாங்கி வந்தபோது அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதத் தூக்கிட்டு ஓட முடியுமா?" என்று கேட்டாய். நான் எதற்கு ஓட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அத்தோ செய்வாய். சரியான நூடுல்ஸ் கிடைக்காது. ஸ்பாகெட்டியை வேகவைத்து, முட்டைக்கோஸைச் சீவிப் போட்டு, பூண்டெண்ணெய் ஊற்றிப் பிசைவாய். ஒரு திங்கட்கிழமை காலை ஃப்ராவ் ஸ்டெட்லர் வெண்ணெய்க் கட்டி ஒன்றைக் கையில் ஏந்தி மாடிப்படி ஏறி வந்து, உன் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாருங்க!"

பால் பொருள்கள் அக்கம்பக்கத்து வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று நமக்கென்ன தெரியும்? நீ பொரித்த பூண்டு பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, வெண்ணெயில் ஏறி உட்கார்ந்துவிட்டது. பாதிரியார் வீட்டிலிருந்தே வெண்ணெய் திரும்பி வந்ததாம். "பால் வைக்கிற ரூமுக்குள்ள எங்க தாத்தா வெங்காயத்தக்கூட விடமாட்டார்" என்று அவர் கத்தினார். நீ அந்த வெண்ணெயைக் கொஞ்சம் வழித்து ரொட்டியில் தடவிச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு" என்று ஒரு துண்டை அவரிடம் நீட்டினாய். வீட்டைக் காலிசெய்யச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவரோ தயங்கித் தயங்கி அதை வாங்கிக் கடித்தார். அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு. நீ பூண்டு பொரிக்கும் முன் கீழே போய்ச் சொல்ல வேண்டும்; அவர் வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் நிலவறைக்கு மாற்றுவார்; பிறகு அவருக்கும் ஒரு தட்டு இறங்கும்.

அந்தத் தட்டைத் திருப்பித் தர வரும்போதெல்லாம் அவர் உட்கார்ந்து கதை சொல்வார். அவருடைய தாத்தா ஸ்விட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து பால் கறக்கும் கூலியாக, அப்போது ஜெர்மனியின் கிழக்குக் கோடியாயிருந்த கிழக்குப் பிரஷ்யாவுக்கு வந்தவர். அந்தக் காலத்தில் கறவைக்காரர்களில் ஸ்விஸ்காரர்கள் அத்தனை பேர் இருந்ததால், ஜெர்மானியனே கறந்தாலும் அவனையும் ஸ்விஸ்காரன் என்றுதான் கூப்பிடுவார்களாம். கூலியோடு தாத்தாவுக்கு ஒரு சலுகையும் கிடைத்தது. பண்ணைக்காரரின் தொழுவத்திலேயே, அவருடைய தீவனத்திலேயே, தனக்கென்று ஒரு பசுவை வளர்த்துக்கொள்ளலாம். அந்தப் பசு கன்று போட்டு, கன்று பசுவாகி, அப்பா காலத்தில் சொந்தத் தொழுவமே வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போர் முடிகிற குளிர்காலத்தில், ரஷ்யப் படை நெருங்க, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கே ஓடிவந்தார்கள்.

எனக்கு இது லட்டு மாதிரிக் கிடைத்தது. பர்மாவில் தமிழர்கள், ஜெர்மனியில் ஸ்விஸ் வம்சாவளியினர். இரண்டு கூட்டமும் கூலிகளாகப் போய், கடையும் தொழுவமுமாக வளர்ந்து, எல்லாம் இழந்து ஓடியவர்கள். பிறகு ஏன் ஒருவருக்கு ஓடு பதித்த பால்கடை, இன்னொருவருக்கு நடைபாதையில் தள்ளுவண்டி? கருத்தரங்கில் படிக்க இதையே கட்டுரையாக எழுதினேன். என் விடை முன்பே தயார். ஸ்விஸ்காரர்கள் போன இடத்திலேயே முதல் போட்டார்கள்; நம்மவர்கள் சம்பாதித்ததை ஊருக்கு அனுப்பி நிலமும் நகையும் வாங்கினார்கள்; அதனால் அங்கே காலூன்றவில்லை.

நீ படித்துவிட்டுத் தாள்களைத் தட்டி அடுக்கி என் மடியில் வைத்தாய்.

"எங்கப்பா ஊருக்கு ஒரு பைசா அனுப்பலடா. எல்லாத்தையும் அந்தக் கடையிலதான் போட்டாரு. அங்கயே பொறந்தோம், அங்கயே சாகப்போறோம்னு நெனச்சாரு. அனுப்பினவங்களுக்காவது ஊர்ல ஒரு வீடு இருந்துச்சு. எங்களுக்கு அதுவும் இல்ல."

"அப்படின்னா வித்தியாசம் எங்கதான் இருக்கு?"

"நீதான டாக்டரு. நீ கண்டுபிடி."

கோபம் வந்தால் கிண்டலாக மாற்றிவிடுவது உன் வழக்கம். அன்றைக்கு அது கோபம்தான் என்று எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளில் தெருமுனைக்கு சூப்பர்மார்க்கெட் வந்தது. ஃப்ராவ் ஸ்டெட்லருக்கு மூட்டுவலி, பால்கேனைத் தூக்க முடியவில்லை. மகன் கனடாவில். அதே சமயத்தில் உன் ஆய்வுக்கூடத்திலும் ஆள்குறைப்பு. வருடக் கடைசியோடு உன் ஒப்பந்தம் முடிகிறது, அதோடு விசாவும். அப்போதுதான் அவர் உன்னைக் கூப்பிட்டு, கடையை எடுத்து நடத்துகிறாயா என்று கேட்டார். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு அவரே வந்து உனக்காகப் பேசுகிறேன் என்றார். ஒத்துக்கொண்டால் நீ இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் சென்னைக்குத் திரும்பி அப்பாவின் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த வண்டியை நம்பி ஏற்கெனவே உன் தங்கைகளும் தம்பியும் இருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய்ச் சரி என்றிருப்பார்கள். நீ முடியாது என்றாய்.

"கல்லா, பளிங்கு மேடை, செவுத்துல அடிச்ச பலகை... என்னால ஆகாதுடா. ஒருநாள் காலைல பூட்டோட வந்து நிப்பாங்க."

"இங்க எவன்டா வரப்போறான்?"

"அங்கயும் இப்படித்தான் கேட்டோம்."

நான் சட்டம் பேசினேன், சொத்துரிமை பேசினேன், தொண்டை வற்றியதுதான் மிச்சம். நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். எனக்கு ஆத்திரமாக வந்தது. நீ போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயமும் அதில் கலந்திருந்தது. ஃப்ராவ் ஸ்டெட்லரிடம் நானே போனேன். நீ ஏன் மறுக்கிறாய் என்று அவருக்கு விளங்கவில்லை. உன் அப்பாவின் கடை போன கதையை முதல்தடவையாக என் வாயால்தான் கேட்டார். கொஞ்ச நேரம் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன்னைக் கூட்டிவரச் சொன்னார்.

கடைக்குப் பின்னாலிருந்த அறையில் காப்பியும் பிளம்ஸ் கேக்கும் வைத்திருந்தார். நீ மறுப்புச் சொல்லத் தயாராக விறைப்பாக உட்கார்ந்தாய். அவர் கடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"ரங்கூன்ல உங்க கடை. வாசல்ல இருந்து உள்ள வந்தா, இடது பக்கம் என்ன இருக்கும்?" என்று கேட்டார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் என்ன கண்டேன்? அவரே சொன்னார். மேற்கே ஓடிவந்தபோது அவர்களை யாரும் வாவென்று சொல்லவில்லை. ஒண்ட இடம் கொடுத்த வீட்டுக்காரி சாமான் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தெருப் பிள்ளைகள் பழித்துக் கூப்பிட்டார்கள். பல வருடம் கழித்து, இழந்தவர்களுக்கு ஈடு கொடுக்க அரசாங்கம் சட்டம் போட்டபோதுதான் ஓர் அதிகாரி எதிரே உட்கார்ந்து, என்னென்ன இருந்தது என்று கேட்டார்.

"வாசல்ல இருந்து ஆரம்பிங்கன்னார். தொழுவத்துல எந்தப் பசு எங்க நின்னுச்சுங்கற வரைக்கும் சொன்னேன். பேர் எல்லாம் அவருக்கு வேண்டாம், ஆனாலும் கேட்டுட்டு உக்காந்திருந்தார். கெடச்சது கொஞ்சம்தான். ஆனா அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு. உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்ல" என்றாய்.

பிறகு சொல்ல ஆரம்பித்தாய். இடது பக்கம் அரிசி மூட்டைகள், மோல்மேன் அரிசி முன்னால், மட்டரகம் பின்னால். அதற்கு மேல் பிஸ்கட் ஜாடிகள், ஒன்றுக்கு மூடி உடைந்திருக்கும். நடுவில் தொங்கும் பித்தளைத் தராசு. நாற்றத்துக்காக நாப்பி என்கிற மீன்விழுதுப் பானை மட்டும் பின்வாசலுக்கு வெளியே. ஜெர்மனில் தொடங்கியது எப்போது தமிழுக்கு மாறியது என்று நீ கவனிக்கவில்லை. நடுவில் பர்மியச் சொற்களும் வந்தன. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தபோது அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நீ சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

முருகன் படத்துக்கு வந்ததும் உன் குரல் மாறியது. பூட்டு கொண்டுவந்தவன், சின்ன வயதில் அதே கடையில் மிட்டாய் வாங்கித் தின்றவனாம். "அப்பா சாவியக் கையில குடுத்துட்டு, 'சாயங்காலம் வெளக்கு மட்டும் ஏத்திடுங்க'ன்னாரு. அவனும் சரின்னான்." அதற்கு மேல் உன்னால் முடியவில்லை. மேசையில் தலை வைத்து அழுதாய். உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை. இதை மட்டும் நான் அவருக்கு ஜெர்மனில் சொன்னேன்.

"ஏத்தியிருப்பானா?" என்று அவர் கேட்டார்.

"தெரியலையே" என்றாய், தலை நிமிராமலே.

"நான் பசுக்களை அவுத்து விட்டுட்டு வந்தேன். கறக்க ஆளில்லாம, மடி கனத்து, வண்டிக்குப் பின்னாடியே கத்திக்கிட்டு வந்துச்சுங்க. எது வரைக்கும் வந்துச்சுங்கன்னு எனக்கும் தெரியாது" என்றார். அப்புறம் எழுந்து காப்பியைச் சூடுபண்ணப் போனார்.

மாடி ஏறும்போது நீ நின்றாய். "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் ஓடி வந்திருக்கோம். அவங்க வந்த எடத்துல, என்ன போச்சுன்னு கேட்டிருக்காங்க. எங்கள யாரும் கேக்கல. இத எழுது டாக்டர்." சென்னையிலும் குடியிருப்பும் கடனும் கொடுத்தார்களே என்று நான் இழுத்தேன். "குடுத்தாங்க. கேக்கல" என்றாய். அப்படியே எழுதினேன். பேராசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில், இது பொருளாதாரம் ஆகாது என்று பென்சிலால் குறித்து அனுப்பினார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தக் கட்டுரையில் இன்றைக்கும் நான் தைரியமாகக் கையெழுத்துப் போடக்கூடியது அந்தப் பத்தி ஒன்றுதான்.

அடுத்த வாரம் நீ அதிகாலையில் பால்கேனை இறக்கக் கீழே போனாய். கடை எடுப்பதாக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பாலுக்குப் பக்கத்தில் பருப்பு வந்தது, பிறகு அரிசி, பிறகு துருக்கிப் பெண்களுக்குக் கொண்டைக்கடலை, ஆஸ்பத்திரியில் வேலை செய்த கேரளத்து நர்ஸுகளுக்குக் கொத்தமல்லி. எழுபதுகள் முடிகிற சமயம் யாழ்ப்பாணத்துப் பையன்கள் வர ஆரம்பித்தார்கள்.

"அண்ணை, மிளகாய்த்தூள் இருக்கோ?"

"இருக்கு தம்பி. வெண்ணெய்கிட்ட நின்னு பிரிக்காத, அந்தப் பக்கம் போ."

"ஓம் அண்ணை, நான் வெளியில நிண்டு பாக்கிறன்."

கொஞ்சம் பழகியதும் அவர்களைப் பின்னறையில் உட்காரவைத்து, உங்கள் வீட்டில் வாசலிலிருந்து உள்ளே வந்தால் என்ன இருக்கும் என்று கேட்பாய். சில பேர் சிரித்து மழுப்புவார்கள். சில பேர் கடை மூடும் வரை சொல்வார்கள். நான் உன் மகளை மடியில் வைத்துக் கல்லாவில் உட்கார்ந்து அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னை ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்ததும் ஒரு மத்தியானம்தான். மூக்கில் குழாயோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். "எல்லார்கிட்டயும் கேட்டேன். உன்கிட்ட கேக்கவே இல்லையேடா" என்றாய். எனக்கென்ன, நான் எதையும் இழக்கவில்லையே, கும்பகோணத்து வீடு இன்னும் அண்ணன் கையில்தான் இருக்கிறது என்றேன்.

"அம்மா?"

அம்மா போனபோது நான் இங்கே மாணவன். தந்தி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. விமானம் ஏறிப் போக வழியும் இல்லை. அன்று நீதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாய். அதன் பிறகு அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

"வாசல்ல இருந்து ஆரம்பி" என்றாய்.

ஆரம்பித்தேன். ரேழியில் அப்பாவின் குடை மாட்டும் ஆணி. அண்ணன் பந்தடித்து உடைத்த ஜன்னல், அதற்கு ஒட்டிய அட்டை. கூடத்தில் தையல் மிஷின், அதன் மேல் எப்போதும் ஒரு ரவிக்கைத் துணி. நீ கண்ணை மூடிக்கொண்டு "அப்புறம்?" என்றாய். ஈரம் காயாத முற்றம், துவைக்கிற கல். "அப்புறம்?" அடுக்களைக் கதவு வரை வந்துவிட்டேன். அதற்குள் நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். "மிச்சம் நாளைக்கு" என்று கையை உயர்த்தினாய். மறுநாள் காலையில் உன் மகள் போன் செய்தாள்.

மிச்சம் என்னிடமே இருக்கிறது. அடுக்களைக் கதவில் கை வைத்தபடி நிற்கிறேன். உள்ளே அம்மா பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்கிறது.